ஃபோர்க்கா, சாவியை வாங்குவதா?

நம்பிப் பயன்படுத்தும் ஒரு திறமூல நிரலகத்தில் (யாரும் எடுத்துத் தம் நிரலில் சேர்க்கக்கூடிய நிரல் தொகுப்பில்) கடைசி கமிட், அதாவது பதிவான மாற்றம், வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. மற்றவர்கள் திருத்தி, சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. இப்போது பழைய பராமரிப்பாளரிடம் பேசி நிரல் இருக்கும் ரெப்போவையும் வெளியீட்டு உரிமையையும், அதாவது சாவியை, வாங்கிக்கொள்ளலாம். அல்லது ஃபோர்க் செய்து, அதாவது நிரலை நகலெடுத்துத் தனியாகப் பிரித்து, புதுப் பெயரில் நடத்தலாம்.

முதல் வழிதான் நாகரிகமானது என்று பலர் சொல்வார்கள். பெயர் மாறாது, பழைய இஷ்யூக்கள் (பயனர்கள் பதிந்த புகார்கள்) தொலையாது, பயனர் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டாம். கோ நிரல்மொழியின் கொரில்லா டூல்கிட் என்ற நிரலகத் தொகுப்பு 2022 டிசம்பரில் ஆர்கைவ் செய்யப்பட்டு (பராமரிப்பு நிறுத்தப்பட்டு), 2023இல் புதிய குழுவின் கையில் அதே பெயரில் மீண்டும் எழுந்தது. நல்லபடியாக நடந்தால் இப்படித்தான் நடக்கும். ஆனால், பயனர் எதையும் மாற்ற வேண்டாம் என்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது. உரிமை கைமாறியதே அவருக்குத் தெரியாது.

ஜாவாஸ்கிரிப்ட் நிரலகங்களின் பொதுக் கிடங்கான என்பிஎம்மில் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜ் வாரத்துக்குச் சுமார் 20 லட்சம் முறை பதிவிறக்கப்பட்டு வந்தது. அதை எழுதியவருக்கு அதில் ஆர்வம் போய்விட்டது. 2018இல், 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று முன்வந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்படைத்தார். வந்தவர் ஃபிளாட்மேப்-ஸ்ட்ரீம் என்ற புது டிபென்டன்சியை (அது சார்ந்திருக்கும் வேறொரு பேக்கேஜை) சேர்த்தார். கோபே என்ற பிட்காயின் வாலெட்டிலிருந்து திருடுவதற்கான நிரல் அதற்குள் இருந்தது. எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பளமில்லாமல் சுமந்தவர் இறக்கி வைக்க நினைத்ததில் தவறில்லை.

லினக்ஸில் பரவலாகப் பயன்படும் கோப்புச் சுருக்கக் கருவியான எக்ஸ்இசட் யூட்டில்ஸின் கதை இன்னும் நிதானமாக நடந்தது. களைத்துப் போயிருந்த பராமரிப்பாளரை, பொறுப்பை வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்லிச் சில கணக்குகள் நெருக்கின. நல்ல பேட்ச்களாக (திருத்தங்களாக) அனுப்பி வந்த ஒருவர் இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024இல் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில், அந்நியர் ரகசியமாகக் கணினிக்குள் நுழைய வழிவிடும் பின்வாசல் நுழைந்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் துருவியதால்தான் அது வெளியே வந்தது.

ஃபோர்க்கில் இந்தச் சிக்கல் குறைவு. புதுப் பெயரை நம்பலாமா என்று ஒவ்வொரு பயனரும் தானே முடிவு செய்கிறார். பைதானின் பட நிரலகமான பில் இதற்கு நல்ல உதாரணம். அதன் கடைசி வெளியீடான 1.1.7 வந்தது 2009இல். 2010இல் ஜெஃப்ரி கிளார்க் அதை பில்லோ என்று ஃபோர்க் செய்தார். முதலில் அவர் தொட்டது படச் செயலாக்கத்தை அல்ல, நிறுவுவதில் இருந்த தொல்லையைத்தான். 2013இல் வந்த 2.0 பைதான் 3க்கும் ஆதரவு தந்தது. நிறுவும்போது பில்லோ என்று கேட்டாலும், நிரலுக்குள் இம்போர்ட் செய்வது (அழைத்துச் சேர்ப்பது) இன்றும் பழைய பில் பெயரில்தான். அதனால் ஏற்கெனவே எழுதிய நிரல்கள் பெரும்பாலும் அப்படியே ஓடின. ஆனால் இரண்டும் ஒரே இடத்தைப் பிடிப்பதால் பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியதை நிறுவ வேண்டும். பெயரைப் பிரித்து இம்போர்ட்டைப் பிரிக்காத அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஃபோர்க்குக்கும் செலவு உண்டு. நிரல்களைத் தொகுத்து வழங்கும் லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் புதுப் பெயரை ஏற்க நாளாகும். லைசென்ஸ் நகலெடுக்க அனுமதித்தாலும் பெயரும் லோகோவும் டிரேட்மார்க்காக இருக்கலாம். பத்துப் பேர் பத்து ஃபோர்க் போட்டால் பயனர் திண்டாடுவார்.

பைதான் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான பைபிஐயில் கைவிடப்பட்ட பெயரைக் கேட்டு வாங்க பெப் 541 என்ற விதிமுறை ஆவணம் வகை செய்கிறது. கேட்பவர் உரிமையாளரைத் தொடர்புகொள்ள முயன்றதையும், தன் சொந்த ஃபோர்க்கில் செய்த மேம்பாடுகளையும் காட்ட வேண்டும். வேறு பெயரில் ஃபோர்க் செய்தால் ஏன் போதாது என்றும் சொல்ல வேண்டும். எனக்கும் இந்த வரிசைதான் சரியாகப் படுகிறது: முதலில் ஃபோர்க் செய்து சில வெளியீடுகளை விடுங்கள், அப்புறம் பழைய பெயரைக் கேளுங்கள். பழையவர் பதில் சொல்கிறார், உங்களை ஏற்கெனவே அறிவார், மாற்றத்தை ரெப்போவின் அறிமுகக் கோப்பான ரீட்மியில் வெளிப்படையாக அறிவிக்கிறார் என்றால் மட்டும் நேரடியாகச் சாவியை வாங்கலாம்.

உங்களுக்குத் தேவை ஒரே ஒரு திருத்தம் என்றால் இரண்டுமே வேண்டாம். பேட்சை உங்கள் ப்ராஜெக்ட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பொது ஃபோர்க் என்று அறிவித்தால், அடுத்த பாதுகாப்பு ஓட்டை வரும் இரவில் வெளியீடு போட உங்களைத் தவிர இன்னொருவரிடமாவது உரிமை இருக்க வேண்டும். அந்த இன்னொருவர் கிடைக்கும்வரை அறிவிப்பைத் தள்ளிப்போடுவதே மேல்.