விலை குறைந்த டிஜிட்டல் மிக்சரை வாங்கலாமா? குரூப் வைத்துப் பட்ட பாடு

பல மைக்குகளின் ஒலியைக் கலந்து சமன்செய்யும் இந்த டிஜிட்டல் மிக்சரின் விலை இறங்கியதிலிருந்து "எடுத்துடலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். 32 சேனல் (மைக் ஒவ்வொன்றும் நுழையும் வழி), 16 பஸ் (பல சேனல்களின் ஒலி கலந்து ஓடும் பாதை), 8 டிசிஏ என்ற கணக்கெல்லாம் அவருக்கே தெரியும். மைக் ஒலியைப் பெருக்கும் பிரீஆம்பில் இரைச்சல் இல்லை, சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர்கள் இத்தனை வருடம் கழித்தும் சிக்காமல் ஓடுகின்றன, திரை மட்டும் கொஞ்சம் மந்தம். அந்தப் பேச்சு இவ்வளவு போதும். எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் குரூப்பைப் பற்றித்தான், அதாவது பல சேனல்களை ஒரே பஸ்ஸில் சேர்த்து ஒன்றாகக் கையாளுவது.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மனசு வராது. கோரஸ் மைக் ஆறையும் ஒரே பஸ்ஸில் சேர்த்து, அதன் மேல் ஒரே ஒரு கம்ப்ரஸர் (சத்தம் கூடும்போது தானாக அமுக்குவது) போட்டுப் பாருங்கள். தனித்தனியாகப் போட்டால் ஒவ்வொரு குரலும் தன்பாட்டுக்கு அடங்கி எழும். குரூப்பில் போட்டால் மொத்தச் சத்தத்தைப் பார்த்து அது வேலை செய்யும். ஒருவர் உரக்க எடுத்தால் மற்றவர்களும் கூடவே துளி இறங்குவார்கள். 2:1 ரேஷியோ (வரம்பைத் தாண்டியதைப் பாதியாக்கும்), 30 மில்லிசெகண்ட் அட்டாக் (அமுக்க எடுத்துக்கொள்ளும் நேரம்), மீட்டரில் 2, 3 டிபி (டெசிபல்) குறைந்தால் போதும், ஆறு பேரும் ஒரே குழுவாக ஒலிப்பார்கள். 2.5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் காதைக் குத்தினாலும் ஒரே இடத்தில் ஈக்யூவில் (ஒலியின் ஒரு பகுதியை மட்டும் ஏற்றி இறக்கும் வசதி) வெட்டினால் வேலை முடிந்தது.

டிரம்ஸ் குரூப்பில் கிக் டிரம்மை அடிக்கும்போதெல்லாம் சிம்பல் தட்டின் ஒலியும் சேர்ந்து பதுங்கும் தொல்லை எல்லாரும் பார்த்ததுதான். இதில் கம்ப்ரஸரின் சைட்செயினுக்கு (எவ்வளவு அமுக்குவது என்று அது கேட்டு முடிவெடுக்கும் வழி) ஃபில்டர் உண்டு. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் கண்டுகொள்ளாதே என்று அதில் சொல்லிவிட்டால் சிம்பல் பதுங்குவது பெரும்பாலும் நின்றுவிடும். இந்த விலையில் இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

சரி, இனி எரிச்சல்.

ஒரு சேனலை குரூப்பில் சேர்த்தால் அது மெயினிலிருந்து (அரங்க ஸ்பீக்கருக்குப் போகும் வழி) தானாக விலகாது. புது சீன் (மிக்சரின் மொத்த அமைப்பு) திறந்தாலே எல்லாச் சேனலும் மெயினில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆக, ஒரே குரல் நேராக ஒரு வழியாகவும் குரூப் வழியாக இன்னொரு வழியாகவும் மெயினுக்கு வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வந்தால் 6 டிபி கூடும், அவ்வளவுதான். ஆனால் குரூப்பில் ஏதாவது பிராசஸிங் போட்டால் அந்த வழி சற்றுத் தாமதமாகிறது. 48 கிலோஹெர்ட்ஸில் 24 சாம்பிள் தாமதம் என்றால் அரை மில்லிசெகண்ட். அதற்கே 1, 3, 5 கிலோஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும், அந்த இடங்களில் இரண்டு வழி ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரல் குழாய்க்குள் இருந்து வருவது போல் கேட்கும், ஈக்யூவில் எவ்வளவு திருகினாலும் சரியாகாது.

அந்த நேர் வழியை அணைக்க சேனலைத் தேர்ந்தெடுத்து, இரண்டாம் பக்கம் போய், மெயின் டிக்கை எடுக்க வேண்டும். அடுத்த சேனலுக்கும் அதே. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து எடுக்க வழி கிடையாது. இன்னும் கொடுமை, சேமித்து வைத்த சேனல் பிரீசெட்டை இறக்கினால் எடுத்த டிக் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, வடிவமைப்பே அப்படித்தான் என்று பதில். நியாயமாகப் பார்த்தால் பேரலல் கம்ப்ரஷன் (அமுக்கிய ஒலியையும் அமுக்காததையும் கலப்பது) செய்கிறவருக்கு இரண்டு வழியும் வேண்டும்தான். அப்படியென்றால் தாமதத்தையாவது சமன்செய்து தர வேண்டாமா? கடைசியாக வந்த அப்டேட்டில் சேனல்களுக்குப் புது நிறங்கள் கொடுத்தார்கள். யார் கேட்டார்கள்?

"அதான் டிசிஏ இருக்கே" என்பீர்கள். டிசிஏ வழியாகச் சத்தம் எதுவும் ஓடுவதில்லை, அது ஃபேடர்களுக்கு ஒரு ரிமோட் மட்டும். சேனல் -5, டிசிஏ -10 என்றால் மொத்தம் -15, அவ்வளவுதான். அதில் கம்ப்ரஸர் போட முடியாது. ஆனால் குரூப் செய்யாத ஒன்றை அது செய்யும். குரூப் ஃபேடரை இறக்கினால் குரல் போய்விடும், சேனலிலிருந்து நேரே போன ரிவெர்ப் (எதிரொலி) மட்டும் பேய் மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். டிசிஏவை இறக்கினால் ரிவெர்ப்புக்குப் போவதும் சேர்ந்தே இறங்கும். அதற்காக ஆறு சேனலையும் டிசிஏவில் கட்டினால் வேறு வம்பு: 5 டிபி ஏற்றினால் குரூப் கம்ப்ரஸர் அதைப் பாதியாக அமுக்கிவிடும்.

நான் செய்வது, சேனல்களை விட்டுவிட்டு குரூப் பஸ்ஸையும் கோரஸுக்கான ரிவெர்ப் ரிட்டர்னையும் (ரிவெர்ப் மிக்சருக்குத் திரும்பி வரும் வழி) ஒரே டிசிஏவில் கட்டிவிடுவது. கம்ப்ரஸரைத் தாண்டிய பிறகு ஏற்றி இறக்குவதால் ஏற்றுவது அப்படியே கேட்கும். இப்படி வைத்த பிறகு, இதற்கு மேல் நிம்மதியாக ஓட்டிய மிக்சர் எனக்கு வேறில்லை.

மானிட்டருக்கும் (மேடையில் இருப்பவர்கள் கேட்கும் ஸ்பீக்கர்) அதே 16 பஸ்தான் என்பதை மறக்க வேண்டாம். ஒரு ஸ்டீரியோ குரூப் வைத்தால் இரண்டு பஸ் போச்சு.

வாங்கலாமா? வேண்டாம். இன்றைக்குக் கேட்டால் இதுதான் பதில், சற்றுமுன்தான் ஒரு பிரீசெட் பழைய டிக்கைத் திருப்பிக்கொண்டு வந்தது. மீறி எடுக்கிறவர்கள் ஒவ்வொரு முறை பிரீசெட் இறக்கியதும் குரூப் ஃபேடரை அடிவரை இறக்கிவிட்டு ஒரு மைக்கில் பேசிப் பாருங்கள். மெயினில் குரல் நேராக இன்னும் கேட்டால் டிக் ஒட்டிக்கொண்டிருக்கிறது.