தோட்டத்துக்குக் கேமரா: மூன்றரை வருடத்துக்குப் பிறகு

உடுமலைக்குத் தெற்கே, ஆனைமலைத் தொடர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் எங்களுக்கு நான்கரை ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. நான் இருப்பது கோவையில். தோப்புக்குள் ஒரு ஓட்டுச் சாளை, அதாவது தோட்டத்து வீடு. அதில் தோட்டம் பார்த்துக்கொள்ளும் அண்ணனும் அவர் வீட்டு அக்காவும் இருக்கிறார்கள். சாளையிலிருந்து கிணறு 180 மீட்டர். ரோட்டிலிருந்து உள்ளே வர ஒரே இட்டேரி (வேலிக்கு நடுவே போகும் மண்பாதை), ஒரே கேட்.

2022 பிப்ரவரியில் ஓர் இரவு, கிணற்று மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே இருக்கும் செம்புக்காகத்தான். எடைக்குப் போட்டால் அவர்களுக்குச் சில ஆயிரம் கிடைத்திருக்கும். புதுக் கேபிள், ஆள் கூலி, நான்கு நாள் தண்ணீர் பாயாதது எல்லாம் சேர்த்து எனக்கு அதைப்போல நாலு மடங்கு போனது. அதற்குப் பிறகுதான் கேமரா யோசனை வந்தது. இந்த மூன்றரை வருடத்தில் வாங்கியது, கழற்றியது, மறுபடி மாட்டியது எல்லாவற்றையும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. பிராண்டு பெயர் சொல்லப்போவதில்லை. என் தொல்லைகளில் பாதி, பிராண்டால் வந்தவை அல்ல.

முதலில் வாங்கியது சோலாரில் ஓடும் 4ஜி கேமரா. ஒயர் வேண்டாம், கரண்ட் வேண்டாம், சிம் போட்டால் போதும். சுமார் 6,500 ரூபாய். அதை மோட்டார் ரூம் சுவரில் மாட்டினேன். மாட்டியது ஜூனில். உடுமலைப் பக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கத் தொடங்கும் நேரம் அது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் தென்னை மட்டை சும்மா இருக்குமா? ஒரே நாளில் போனில் 300 அறிவிப்புக்கு மேல் வந்தது. எல்லாம் மட்டை. இரண்டாவது வாரம் நான் அறிவிப்பையே அணைத்துவிட்டேன். அதாவது 6,500 ரூபாய் கொடுத்து வாங்கிய பொருளைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன்.

இந்த பேட்டரிக் கேமராக்கள் எப்போதும் விழித்திருப்பதில்லை, இதைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன். பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிக்கொண்டிருக்கும். உடல் சூட்டை உணரும் பிஐஆர் சென்சார் தட்டி எழுப்பினால்தான் பதிவு தொடங்கும். ஆள் நுழைந்து இரண்டு மூன்று எட்டு வைத்த பிறகுதான் படமே ஆரம்பிக்கும். சென்சார் பார்ப்பது சுற்றுப்புறத்துக்கும் உடம்புக்கும் இருக்கும் வெப்ப வித்தியாசத்தை. சித்திரை மத்தியான வெயிலில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும்போது, எதிரே ஆள் நடந்தாலும் சில சமயம் கண்டுகொள்ளாது. அதே வெயிலில் சூடேறிய மட்டை அசைந்தால் ஆள் என்று நினைத்துக் கத்தும். ராத்திரியில் நன்றாகவே வேலை செய்கிறது. நமக்கும் அதுதானே வேண்டும்.

இடத்தை மாற்றியதும் பாதி பிரச்சினை தீர்ந்தது. நேராக நம்மை நோக்கி வருகிறவரைவிட, குறுக்கே கடந்து போகிறவரை இந்த சென்சார் சீக்கிரம் பிடிக்கும். அதனால் பாதையைப் பார்த்தபடி இருந்த கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி, பின்னணியில் மட்டை வராமல் மோட்டார் ரூம் சுவரும் கேபிள் இறங்கும் இடமும் மட்டும் தெரிகிற மாதிரி வைத்தேன். சோலார் தகட்டைக் கேமராவோடு ஒட்டி வராத மாடலாகப் பார்த்து வாங்கியது என் அதிர்ஷ்டம். தகட்டை மட்டும் நிழல் விழாத கூரை முனைக்குக் கொண்டுபோனேன். ஒரு மட்டையின் நிழல் குறுக்கே விழுந்தாலே சார்ஜ் ஏறுவது நன்றாகக் குறைந்துவிடும். ஐப்பசி மழையில் மூன்று நாள் தொடர்ந்து மூட்டம் போட்டால் இப்போதும் பேட்டரி கீழே இறங்கும், ஆனால் அணைந்து போகவில்லை.

சிம் பற்றி ஒரு வார்த்தை. கேமரா வாங்கும் முன்னால் அந்தந்த சிம்மைப் போனில் போட்டு, கேமரா வைக்கப்போகும் அதே இடத்தில் நின்று ஒரு வீடியோ அனுப்பிப் பாருங்கள். கேமராவுக்கு முக்கியம் அனுப்பும் வேகம். 28 நாள் ரீசார்ஜ் என்றால் வருடத்துக்கு 13 தடவை. நான் இரண்டு முறை மறந்து கேமரா ஊமையாகக் கிடந்தது. இப்போது வருட பிளான். அப்புறம், சாதாரண மெமரி கார்டு எட்டாவது மாதம் செத்தது. கண்காணிப்புக் கேமராவுக்கென்றே, அடிக்கடி எழுதி அழித்தாலும் தாங்குகிற கார்டுகள் இருக்கின்றன. கொஞ்சம் விலை கூட, ஆனால் அதையே வாங்குங்கள்.

2023 ஜனவரியில் சாளைக்கும் கேட்டுக்கும் ஒயர் போட்ட கேமரா வைத்தோம். கடைக்காரர் எட்டு சொன்னார். நான்கு போதும் என்றேன். இப்போது நினைத்தால் மூன்றே போதும். நாலாவது, களத்தைப் பார்ப்பது, மயில் பார்க்க மட்டும்தான் உதவுகிறது. நான்கு 2 மெகாபிக்சல் கேமரா, படத்தைப் பதிந்து வைக்கும் டிவிஆர் பெட்டி ஒன்று, 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க், படத்துக்கும் மின்சாரத்துக்கும் சேர்த்து ஒரே உறையில் வரும் 3+1 கேபிள், மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து 24,000 சொச்சம். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு நாளுக்குச் சுமார் 21 ஜிபி ஆகும். நாலுக்கும் சேர்த்துப் பார்த்தால் டிஸ்க்கில் பதினோரு நாள், பன்னிரண்டு நாள் பதிவு நிற்கும். வாரம் ஒரு முறை போகிறவனுக்கு அது தாராளம்.

கேட்டுக் கேமராவில் ஒரு வினோதம். பகலெல்லாம் நன்றாக இருக்கும். இருட்டியதும் படம் போகும், வரும், போகும். கேமராவில் கோளாறு என்று ஒரு தடவை மாற்றியும் ஆயிற்று, புதிதும் அதே கூத்து. காரணம் கேபிள் நீளம். டிவிஆரிலிருந்து கேட் 90 மீட்டர். 12 வோல்ட் அந்த மெல்லிய கம்பியில் அத்தனை தூரம் போவதற்குள் குறைந்துவிடுகிறது. பகலில் சமாளித்துக்கொள்ளும். இருட்டியதும் உள்ளே இருக்கும் ஐஆர் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு) விளக்குகள் எரிந்து மின்சாரம் கூடுதலாக இழுக்கும்போது வோல்டேஜ் இன்னும் விழும், கேமரா அணைந்து மறுபடி ஆன் ஆகும். கேட் பக்கத்திலேயே அடாப்டர் வைத்ததும் சரியானது. இன்றைக்குப் புதிதாகப் போடுவதானால் பிஓஇ கேமராவாகப் போடுவேன். ஒரே நெட்வொர்க் கேபிளில் 48 வோல்ட் அளவில் மின்சாரமும் போகும், படமும் வரும், 100 மீட்டர் வரை தொல்லை இல்லை.

கிணற்றுக்கும் இப்படியே ஒயர் இழுக்கலாம் என்றார்கள். 180 மீட்டருக்கு அது ஒத்துவராது. ஒயர் இல்லாமல் அலையாகவே படத்தை அனுப்பும் ஒயர்லெஸ் பிரிட்ஜ் போடலாம் என்றும் சொன்னார்கள். வெட்டவெளி என்றால் அருமையான சாமான். நடுவே அறுபது தென்னை நிற்கும்போது அலை அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. அதனால் கிணற்றுக்கு அந்தப் பழைய சோலார் கேமராவே நிற்கிறது.

2023 ஆகஸ்டில் ஒரு ராத்திரி மொபெட்டில் இரண்டு பேர் வந்து தேங்காய் அள்ளிக்கொண்டு போனார்கள். கேட்டுக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. எல்லாம் என்றால், இரண்டு தலைப்பாகை, நம்பர் பிளேட் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை வெளிச்சம். ஐஆர் வெளிச்சம் பிளேட்டில் பட்டுத் திரும்பினால் அப்படித்தான் இருக்கும். கேமராவை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும் என்று 14 அடியில் வைத்திருந்தோம், அதனால் முகமே விழவில்லை. லென்ஸும் 2.8 மில்லிமீட்டர். தோப்பே தெரிகிற மாதிரி அகலமாகக் காட்டும், ஆனால் ஒருவரை அடையாளம் சொல்ல, காட்சியின் அகலத்தில் ஒரு மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது இந்தத் துறையில் வைத்திருக்கும் அளவு. 1,920 பிக்சல் அகலப் படத்தில் அந்த லென்ஸுக்கு அது மூன்று மீட்டர் தூரத்தோடு முடிந்தது. 6 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் எட்டு மீட்டர் வரை கிடைக்கும். அகலம் குறையும். கேட்டுக்கு எதற்கு அகலம்? வருகிறவன் அந்தப் பத்தடிக்குள்தானே வந்தாக வேண்டும். லென்ஸை மாற்றி, எட்டடி உயரத்துக்கு இறக்கினேன். இப்போது முகம் தெரிகிறது. இரவில் நம்பர் பிளேட் இன்னும் சரியாக விழவில்லை, விட்டுவிட்டேன்.

அந்த வீடியோவை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனபோது இன்னொரு கூத்து. திருடு நடந்தது ராத்திரி ஒன்றரைக்கு, வீடியோவில் மணி நாலு. டிவிஆர் சீன நேரத்திலேயே இருந்திருக்கிறது. இரண்டரை மணி நேர வித்தியாசம், ஏழு மாதமாக யாரும் கவனிக்கவில்லை. மாட்டிய அன்றே தேதி, நேரம், நேர மண்டலம் மூன்றையும் பாருங்கள். வழக்கு கோர்ட்டு வரைக்கும் போனால் பென் டிரைவ் மட்டும் போதாது, கூடவே மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவில் இருக்கிறது.

சாளைப் பக்கக் கேமராவில் நான் செய்த தப்பு வேறு மாதிரி. வாசல் முழுக்கத் தெரிய வேண்டும் என்று திருப்பி வைத்துவிட்டுக் கோவை போய்விட்டேன். அடுத்த வாரம் அக்கா கேட்டார்: “ஏனுங்க தம்பி, எங்க வாசலப் பார்த்தே வெச்சிருக்கீங்களே, நாங்க என்ன களவாணிங்களா?” எனக்கு நாக்கே எழவில்லை. துணி துவைக்கும் கல்லும் குளியலறைக் கதவும் படத்துக்குள் இருந்தன. அன்றைக்கே கேமராவை இட்டேரிப் பக்கம் திருப்பினோம். அண்ணன் போனிலும் ஆப் போட்டுக் கொடுத்தேன். உண்மையில் அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு பலன் தர ஆரம்பித்தது. கோவையில் படுத்திருக்கும் எனக்கு ராத்திரி இரண்டு மணிக்கு அறிவிப்பு வந்து என்ன செய்ய? அங்கே இருப்பவருக்கு வந்தால் லைட்டைப் போட்டு, நாயை அவிழ்த்துவிட்டு ஒரு சத்தம் கொடுப்பார். 2024 நவம்பரில் பல்லடம் பக்கத்திலும், 2025இல் சிவகிரியிலும் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, வெளியே போக வேண்டாம், உள்ளேயிருந்தே லைட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போன் பண்ணுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வாசலைச் சுற்றிய மூன்று லைட்டுக்கும் சுவிட்ச் கட்டில் பக்கத்தில்தான்.

கேபிள் திருட வருகிறவன் முதலில் பியூஸைப் பிடுங்குவான். அதனால் டிவிஆரும் கேமராக்களும் இன்வெர்ட்டரில் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து 40 வாட்டுக்குள்தான். 150 ஏஹெச் பேட்டரியில் ஒரு ராப்பகல் ஓடுகிறது.

2024 ஐப்பசியில் பக்கத்துத் தோப்பில் இடி விழுந்தது. எங்கள் மேல் விழவில்லை. ஆனாலும் கேட்டுக் கேமராவும், டிவிஆரில் அது சொருகியிருந்த துளையும் போயின. நீளமான செம்புக் கம்பி இடிக்கு ஆன்டெனா மாதிரி. இப்போது திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் போட்டிருக்கிறோம், எர்த் கம்பியும் புதிதாக அடித்தோம். ஆனாலும் மேகம் திரண்டால் அண்ணன் அந்தக் கேபிளைக் கழற்றிவிடுகிறார். எனக்கு அவர் முறைமேல்தான் நம்பிக்கை.

சிலந்தி வேறு. ராத்திரி கேமரா முகத்தைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வலை பின்னும், வலை ஐஆர் வெளிச்சத்தில் மின்னிப் படம் முழுக்க வெள்ளைக் கோடாகும். ஒட்டடைக்குச்சிதான் வைத்தியம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை. எட்டடி உயரத்துக்கு இறக்கியதில் இந்த வேலையும் சுலபமாயிற்று.

கடவுச்சொல்லைப் பெட்டியில் வந்தபடியே விட்டுவிடாதீர்கள். 2016இல் மிராய் என்ற நிரல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் அப்படித்தான் பிடித்தது. எங்கள் வீட்டில் மாட்டிய பையன் வைத்த கடவுச்சொல், அவர் மாட்டிய எல்லா வீட்டுக்கும் ஒன்றே. 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் கேமராக்களுக்கு மத்திய அரசின் எஸ்டிக்யூசி பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. பழைய சரக்கு மலிவாகக் கிடைத்தால் எதற்கு மலிவு என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

மூன்றரை வருடத்தில் ரிப்பேர், சிம், கார்டு எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 46,000 பக்கம். கேபிள் திருட்டு அதற்குப் பிறகு நடக்கவில்லை. கேமராவாலா, புதுக் கேபிளைப் பிவிசி குழாயில் விட்டு மண்ணுக்குள் புதைத்ததாலா என்று கேட்டால், நான் குழாய்க்குத்தான் ஓட்டுப் போடுவேன். கிணற்றுக் கேமராவில் போன மாதம் சிக்கியது ஏழு காட்டுப்பன்றி, ஒரு முள்ளம்பன்றி. அந்தக் கேமராவின் பேட்டரி இப்போது விடியற்காலை நாலு மணிக்கே பத்து சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. மேல்காற்று தொடங்குவதற்கு முன்னால் அதை மாற்ற வேண்டும்.