நாலு நாள் கரண்ட் இல்லாத தோட்டத்து வீட்டுல எது உழைச்சது, எது கைவிட்டது

மூணு வருசத்துக்கு முந்தி வாங்குன இன்வெர்ட்டர், போன சித்திரைக் கடைசியில அடிச்ச சூறைக்காத்துக்குப் பொறகு வாங்குன ஆயிரம் லிட்டர் தண்ணித் தொட்டி, ஒரு காத்தாடி, ஒரு ரேடியோ. இந்த நாலையும் பத்தித்தான் எழுதறேன். எங்களை மாதிரித் தோட்டத்துக்குள்ள குடியிருக்கறவங்க ஒருக்கா படிச்சுட்டுப் பொறகு கடைக்குப் போங்க.

கோபியில இருந்து சத்தி போற ரோட்டுல இறங்கி உள்ளே வந்தா எங்க தோட்டம். தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். ஊருக்கும் எங்களுக்கும் நடுவால ஒண்ணரை கிலோமீட்டர், ஒரே லைன். வீட்டுல நான், எங்கூட்டுக்காரர், எழுபத்தெட்டு வயசுல சக்கரைக்கு ஊசி போட்டுக்கற எங்க அத்தை. கட்டுத்தரையில ரெண்டு கறவை மாடு, ஒரு கன்னு. பையன் கோயமுத்தூர்ல வேலையில இருக்கறான்.

அன்னிக்கு மத்தியானம் வெயில் மண்டையைப் பொளந்துச்சு. பொழுதோட நாலரை மணி இருக்கும், மேக்கால கருகருன்னு கட்டுச்சு. மண்ணு வாசம் வந்த கையோட காத்து வந்துருச்சு. மொத்தமே இருபது நிமிசந்தான். கட்டுத்தரைத் தகரம் ரெண்டு பறந்து போய் வரப்புல விழுந்து கெடந்துச்சு. தார் தள்ளி நின்ன நேந்திரன் அத்தனையும் ஒரே திசையில படுத்துருச்சு. வாழைக்கு வேர் மேலாப்புலயே ஓடும், கனமெல்லாம் உச்சியில, முட்டுக் குடுத்திருந்தும் நிக்கல. வெட்டறதுக்கு இன்னும் இருபது நாள் இருந்துச்சு. அதைப் பத்தி எழுதுனா இது வேற கதையாப் போயிரும், விட்டர்றேன்.

வழியில தென்னமரம் ஒண்ணு லைன் மேல விழுந்து மூணு கம்பத்தை இழுத்துப் போட்டிருந்துச்சு. ஒரு கம்பி பொடக்காணிக்குப் பின்னால தரையில கெடந்துச்சு. மாட்டை அவுத்து அக்கட்ட ஓட்டிட்டு, அந்தப் பக்கம் யாரும் போகாம கட்டிலைக் குறுக்கப் போட்டோம். கம்பி அறுந்து கெடந்தா உசுரில்லாத கம்பின்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. மின்வாரியத்தோட மின்னகம் நம்பர் 94987 94987. அதைப் போன்ல மட்டும் வெச்சிருந்தா சார்ஜு போனதும் நம்பரும் போயிரும். எங்க வீட்டுல இப்ப தினசரிக் காலண்டர் அட்டையில, மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077, ஆம்புலன்ஸுக்கு 108 கூட இதையும் சேர்த்து ஸ்கெட்ச் பேனால எழுதி வெச்சிருக்கறேன்.

இன்வெர்ட்டருக்கு வர்றேன். 900 வி.ஏ. பெட்டி, 150 ஆம்பியர்-மணி டியூப்லர் பேட்டரி. வாங்குனப்ப இருபத்திரெண்டாயிரத்துச் சொச்சம். வித்தவங்க "எட்டு மணி நேரம் தாராளமா வரும்"னு சொன்னாங்க. எந்தக் கம்பெனி, எந்தக் கடைன்னு எழுதல. எங்க பக்கமும் தப்பு இருந்துச்சு. அன்னிக்குச் சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஓட ஆரம்பிச்சது, எட்டரைக்கெல்லாம் கீ கீன்னு கத்திட்டு நின்னுருச்சு. அத்தை ரூம்ல ஒரு காத்தாடி, எங்க ரூம்ல ஒண்ணு, அஞ்சு லைட்டு, நியூஸ் பாக்கலாம்னு டி.வி. எல்லாமே ஓடுச்சு. எதையும் அணைக்கோணும்னு யாருக்கும் தோணல. கரண்ட் இருக்கற நாள் மாதிரியே இருந்தோம்.

ஆனா எங்களைக் கைவிட்டது வெளிச்சம் இல்லைங்க. மறுநாள் விடியக்காலம் அஞ்சு மணிக்குப் பொடக்காணிக் குழாயைத் திருகுனா காத்துதான் வந்துச்சு. மேல இருந்த ஐநூறு லிட்டர் டேங்க்கு முந்தின நாள் மத்தியானமே பாதிதான் இருந்திருக்கும். காத்தடிச்ச பொறகு வாசல் கழுவி, கட்டுத்தரை கழுவி, சேறு மிதிச்ச காலையெல்லாம் கழுவி மிச்சத்தையும் ராத்திரியே தீர்த்துட்டோம். போர் மோட்டாரை வீட்டு இன்வெர்ட்டர் இழுக்காது. அது தெரிஞ்சதுதான். தெரிஞ்சிருந்தும், கரண்ட் போனா லைட்டு போகும்னு நினைச்சுப் பணம் போட்டமே ஒழிய, கரண்ட் போனா தண்ணி போகும்னு ஒரு ரூவா போடல.

மாடு ரெண்டும் தொட்டிகிட்ட வந்து நின்னு, நக்கிப் பாத்துட்டு எங்களையே பாத்துச்சு. வெயில் காலத்துல கறவை மாடு ஒண்ணு நாளைக்கு அறுவது, எழுவது லிட்டர் குடிக்கும். எங்களுக்குப் பழைய கிணறு இருக்குது, தண்ணியும் கெடந்துச்சு. இறைக்கற ராட்டினத்தைக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுத்தான் பத்து வருசம் ஆச்சு. எங்கூட்டுக்காரர் வேப்பங்கொம்பு ஒண்ணைக் கிணத்து மேட்டுல குறுக்கப் போட்டு, கயித்துல வாளியைக் கட்டி இறைச்சார். அறுவத்திரெண்டு வயசு. ஒரு வாளிக்கு அரை வாளிதான் மேல வந்துச்சு, கயிறு உரசி உள்ளங்கை ரெண்டும் தோலுரிஞ்சு போச்சு. அன்னிக்குப் பொழுதோட அவர் வட்டலைப் பிடிச்சுச் சோறு உங்க முடியல. நான்தான் பிசைஞ்சு குடுத்தேன். இந்த எழுத்துக்கு அதுதான் காரணம்.

அப்பத்தான் அவர் ஒரு பழமையை எடுத்தார். 2018 நவம்பர்ல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி டெல்டாவையே புரட்டிப் போட்டுச்சில்லைங்களா, அப்ப எங்க ஊர்ல இருந்து அரிசி, போர்வை, மெழுகுவத்தி எல்லாம் லாரியில ஏத்திட்டுப் போனாங்க. இவரும் கூடப் போயிருந்தார். அங்க ஒரு பாட்டி மெழுகுவத்திக் கட்டைத் திருப்பிக் குடுத்துட்டு, "இது இருக்குதய்யா, கொடம் இருந்தா ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டாங்களாம். அங்க பல கிராமத்துல வாரக்கணக்கா கரண்ட் வரல. ஜெனரேட்டரைக் கொண்டு போய் ஊர் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணி ஏத்தியிருக்காங்க. "அந்தம்மா கொடம் கேட்டது எனக்கு இன்னிக்குத்தான் புரியுது"ன்னு கையைப் பாத்துட்டே சொன்னார்.

அத்தையோட இன்சுலின் அடுத்த வெசனம். பிரிட்ஜைத் திறக்காம வெச்சா நாலு மணி நேரம் குளுமை நிக்கும், அதுக்கு மேல இல்லை. பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கற பாட்டிலுக்குப் பிரிட்ஜு கட்டாயம் இல்லை. அதிகமான இன்சுலின் ரகங்க இருபத்தெட்டு நாள் வரைக்கும் வெளிய தாங்கும். ஆனா சூடு முப்பது டிகிரியைத் தாண்டக் கூடாது. சித்திரை மாசத்துல எங்க வீட்டுக்குள்ள அதுக்கு மேலயே இருக்கும். ஒரு பெரிய மண்சட்டியில ஈர மணல் போட்டு, அதுக்குள்ள சின்னப் பானையை எறக்கி, பாட்டிலை நனையாம பிளாஸ்டிக் பையில சுத்தி உள்ள வெச்சு, மேல ஈரத்துணி போட்டோம். அத்தையே சொன்ன வழிதான். "அந்தக் காலத்துல வெண்ணெயை இப்படித்தான் வெப்போம் கண்ணு"ன்னாங்க. ஐஸ் மேல நேரா வெக்காதீங்க, உறைஞ்ச இன்சுலினை மறுபடி போடக் கூடாது. பிரிக்காத பாட்டில் ரெண்டையும் மறுநாள் கோபியில ஜெனரேட்டர் இருக்கற மருந்துக் கடையில குடுத்து வெச்சோம்.

நாலாம் நாள் சாயந்திரம் லைன்மேன்க வந்து கம்பம் நட்டாங்க. வெயில்ல நின்னு வேலை செஞ்ச மனுசங்க, ஆளுக்கு ரெண்டு சொம்பு மோர் குடிச்சாங்க. போகறதுக்கு முன்னால ஒருத்தர், "ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தீங்கன்னா மெயினை எறக்காம பிளக்குல சொருகாதீங்க, அது லைன்ல திரும்பி ஏறி எங்களைத்தான் அடிக்கும்"னு சொல்லிட்டுப் போனார். பக்கத்துத் தோட்டத்துல அன்னிக்குக் காலையில அப்படித்தான் சொருகியிருந்தாங்க. அதையும் ஜன்னலோரமா வெச்சிருந்தாங்க. அந்தப் புகை வீட்டுக்குள்ள ஏறுனா தூக்கத்துலயே ஆளைக் கொன்னுரும்.

கரண்ட் வந்த வாரமே பேட்டரி பாக்கறதுக்குக் கோபியில இருந்து ஒரு பையன் வந்தான். வேலையைச் செய்யறதுக்கு முன்னால கேள்வி கேட்டான், அதனாலதான் அந்தப் பையன் மேல எனக்கு மரியாதை. "இதுக்குக் கடைசியா எப்பங்க்கா தண்ணி ஊத்துனீங்க?"

எனக்குத் தெரியல.

மூடியைத் திருகி டார்ச் அடிச்சுக் காட்டினான். ஆறு குழியில நாலுல தகடு வெளிய தெரிஞ்சுது. தண்ணி அளவு காட்டற மிதவை ஆறும் சிவப்புல கெடந்துச்சு. ரெண்டு, மூணு மாசத்துக்கு ஒருக்கா டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தோணும், குழாய்த் தண்ணியோ குடிக்கற கேன் தண்ணியோ கூடாது. அப்பறம் காலண்டர் தாளைத் திருப்பி வெச்சு அவன் போட்டுக் காட்டுன கணக்கு இது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணின்னா ஏட்டுல 1,800 வாட்-மணி, அதாவது 1,800 வாட்டை ஒரு மணி நேரம் ஓட்டலாம். அவ்வளவும் கைக்கு வராது, சேதாரம் போக 1,300 கெடைச்சா பெருசு. பழைய காத்தாடி ஒண்ணு 75 வாட். ரெண்டு காத்தாடி, அஞ்சு லைட்டு, டி.வி. எல்லாம் சேர்த்து 280 வாட் கிட்ட வந்துரும். அப்ப புது பேட்டரியே நாலரை மணி நேரந்தான். "எட்டு மணி நேரம்னு சொன்னவங்க என்ன ஓடும்னு கேக்கவே இல்லீங்க்கா"ன்னான். முப்பது வாட் இழுக்கற பி.எல்.டி.சி.ங்கற கம்மிக் கரண்ட் மோட்டார் காத்தாடி ஒண்ணு, 9 வாட் பல்ப் ரெண்டுன்னு நிறுத்திக்கிட்டா, அதே பேட்டரி ஒரு நாள் கிட்ட இழுக்கும்.

புது பேட்டரி வாங்கிருவமான்னு நானே கேட்டேன். தண்ணி ஊத்தி, பத்து மணி நேரம் சார்ஜ் ஏத்திப் பாத்துட்டு, "இது இன்னும் ரெண்டு வருசம் வரும்"னுட்டான். விக்கற வாய்ப்பைக் கையில வெச்சுக்கிட்டு வேண்டாம்னு சொன்னவன்.

இப்ப ஒவ்வொண்ணா என் மதிப்பு. இன்வெர்ட்டருக்கு அஞ்சுக்கு மூணு. பொருள் நல்ல பொருள்தான், ஆனா விக்கறப்ப சொல்ற மணிக்கணக்கை நம்பாதீங்க. என்னென்ன ஓடோணும்னு எழுதிக் குடுத்து, அதுக்கு எத்தனை மணின்னு கேளுங்க. காத்தோட்டமான எடத்துல வைங்க, சார்ஜ் ஏறறப்ப பேட்டரியில இருந்து தீப்புடிக்கற வாயு வரும். அத்தை ரூம்ல மாட்டுன பி.எல்.டி.சி. காத்தாடி மூவாயிரத்து இருநூறு ஆச்சு, அதுக்கு முழு அஞ்சும் குடுக்கறேன்.

பேட்டரி செல் போடற சின்ன ரேடியோ எண்ணூத்தம்பது ரூவா. அதுக்கு அஞ்சுக்கு நாலு. டவர்ல பேட்டரி தீர்ந்து அன்னிக்கு ராத்திரியே போன் ஊமையாயிருச்சு. மழை இன்னும் இருக்குதா, எந்தப் பக்கம் போகுதுன்னு சொல்ல ஆளில்லை. கோடை பண்பலை 100.5 எங்க தோட்டத்துல தெளிவாக் கேக்குது. ஒரு புள்ளி குறைச்சது ஏன்னா, செல்லை உள்ளேயே விட்டுட்டா கசிஞ்சு தகடு பச்சை புடிக்குது. தனியா எடுத்து வைங்க.

தண்ணித் தொட்டிக்கு நாலரை. ஆயிரம் லிட்டர், கறுப்பு, ஏழாயிரத்து ஐநூறு. கட்டுத்தரையோரமா நாலடி உசரத்துக்குக் கருங்கல் மேடை கட்ட இன்னொரு ஆறாயிரம். மேடை தொட்டியோட அடிப்பாகம் முழுசும் உக்கார்ற அளவுக்கு இருக்கோணும், ஓரம் தொங்குனா நாளாவட்டத்துல விரிசல் விடும். கறுப்பு எதுக்குன்னா வெளிச்சம் உள்ள போகாது, பாசி புடிக்காது. மேல் டேங்க்குல இருந்து பைப்பு எறக்கி மிதவை வால்வு போட்டிருக்கறோம். மாட்டுக்குத் தினமும் இதுல இருந்துதான் தண்ணி, அதனால பழசாகித் தேங்கறதில்லை. பேரிடர் முகாமுக்குக் கணக்குப் போடறவங்க ஆளுக்கு நாளைக்குப் பதினஞ்சு லிட்டராவது வேணும்பாங்க. எங்க மூணு பேருக்கும் ரெண்டு மாட்டுக்கும் கூட்டிப் பாத்தா அஞ்சு நாளுக்கு மேலயே வருது. குடிக்கறதுக்கு மட்டும் ரெண்டு எவர்சில்வர் குடம் தனியா, கொதிக்க வெச்சு ஆறவிட்டது.

கிணத்துக்கு ராட்டினமும் திரும்ப வந்துருச்சு. அந்தியூர்ச் சந்தையில ஐநூறு ரூவாய்க்குப் பழசு ஒண்ணு கெடைச்சுது.

தொட்டியில அரைப் புள்ளி குறைச்சது குழாய்க்கு. கூடக் குடுக்கறது பிளாஸ்டிக்கு. ரெண்டாம் மாசம் மாடு கொம்பால ஒரு இடி இடிச்சதுல உடைஞ்சு, ஒரு ராத்திரியில முக்கால் தொட்டி வாழைக்குப் போயிருச்சு. வாங்கறப்பவே முந்நூறு ரூவா எச்சாக் குடுத்துப் பித்தளைக் குழாய் போட்டுக்குங்க.