இத்தாலிய உணவகத்தில் கூடுதல் கட்டணம்: முன்பே கேட்பதா, பில் வந்தபின் கேட்பதா?

இத்தாலியில் மேசையில் அமர்ந்து சாப்பிடுபவரின் பில்லில், சாப்பிட்டவற்றின் விலைக்கு மேல் இரண்டு கட்டணங்கள் வரக்கூடும். மேசை விரிப்பு, தட்டு, ரொட்டி ஆகியவற்றுக்காகத் தலைக்குப் பெரும்பாலும் 1 முதல் 3 யூரோ வரை வாங்குவது ‘கொப்பெர்த்தோ’. பரிமாறுவதற்காக மொத்தத்தில் 10 அல்லது 12 சதவீதம் சேர்ப்பது ‘செர்வீட்சியோ’. ரோம் நகரம் அடங்கிய லாட்சியோ பிராந்தியம் 2006-இல் இயற்றிய சட்டத்தின்படி அங்கே கொப்பெர்த்தோ வாங்கக்கூடாது. ஆனால் ரொட்டிக்குத் தனியாக விலை வைக்கலாம்.

இவற்றைப் பற்றி ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்பதுதான் மேல் என்பது என் உறுதியான கருத்து. அப்போதும், ‘கொப்பெர்த்தோ உண்டா?’ என்று கேட்டால் ‘சி’ (ஆம்) என்ற ஒற்றைச் சொல்லோடு பதில் முடிந்துவிடும் என்பதால், ‘க்வான்தோ வியேனே இல் கொப்பெர்த்தோ?’ என்று தொகையையே கேட்பது நல்லது. ‘துவே யூரோ அ தேஸ்தா’ என்றால் தலைக்கு 2 யூரோ. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 8 யூரோ. அடுத்து ‘இல் செர்வீட்சியோ எ கொம்ப்ரேசோ?’ என்று கேட்டால், பரிமாறும் கட்டணம் விலையிலேயே அடங்கியுள்ளதா என்பது தெரிந்துவிடும். கட்டுப்படியாகாவிட்டால் யாருக்கும் மனக்கசப்பின்றி எழுந்து போய்விடலாம்.

பில் வந்தபின் கேட்பதற்கு அந்தச் சௌகரியம் இல்லை. மெனுவின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த கட்டணத்துக்காகப் பரிமாறுபவரிடம் வாதிடுவது முறையும் அன்று. ஆனால் மெனுவில் இல்லாத கட்டணமோ, கேட்காத பதார்த்தமோ பில்லில் இருந்தால் தயங்கவே வேண்டாம். அந்த வரியை விரலால் காட்டி, ‘மி ஸ்கூசி, கோசே க்வெஸ்தா வோச்சே?’ (மன்னிக்கவும், இது எதற்கான தொகை?) என்று அமைதியாகக் கேட்டாலே போதும்.

கைபேசியில் மெனுவைப் படம்பிடித்து மொழிபெயர்த்துக்கொள்வது மூன்றாவது வழி. அச்சிட்ட கட்டணங்களைக் கண்டுகொள்ள அது நன்றாகவே உதவும். பரிமாறுபவர் வாயால் சொல்லும் அன்றைய சிறப்பு உணவுகளுக்கு அது உதவாது. குறிப்பாக, மீனுக்கு எடைக்கணக்கில் விலை வைத்திருக்கும் இடங்களில் கவனம் தேவை. ‘அல்லெத்தோ’ என்று குறிப்பிட்டிருந்தால் அது 100 கிராமுக்கான விலை. 7 யூரோ என்று பார்த்துவிட்டு 800 கிராம் மீனைத் தேர்ந்தெடுத்தால் பில்லில் 56 யூரோ நிற்கும். கொப்பெர்த்தோவைக் காட்டிலும் பலமடங்கு பெரிய தொகை இது என்பதால், மீன் அடுப்பேறுவதற்கு முன்பே அதை எடைபோடச் சொல்லி, ‘க்வான்தோ வியேனே இன் தூத்தோ?’ என்று மொத்த விலையைக் கேட்டுவிட வேண்டும்.