மாடியில் தொங்கும் வலைக்கூடை: துளசி காயவைக்க வாங்கலாமா?

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். இலையும் பூவும் காயவைக்க இந்தக் கூடையை வாங்கலாம். கற்பூரவல்லிக்காக மட்டும்னா காசு வேஸ்ட்.

நைலான் வலையில் நாலு அடுக்கு, பக்கவாட்டில் ஜிப், மேலே ஒரு கொக்கி. ஆன்லைனில் 500 ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மி. மீன் காயவைக்கன்னுதான் விக்கறாங்க, அட்டைப் படத்திலும் மீன்தான். தொங்கவிட்ட அன்னிக்கே எதிர்வீட்டுப் பொண்ணு, "இன்னாக்கா, காசிமேட்டுக்கே போட்டியா கருவாடு போட்டுக்கீற?"ன்னு குரல் கொடுத்தா. "துளசிடி, வந்து மோந்து பாரு"ன்னேன்.

எங்க வீடு தண்டையார்பேட்டையில், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்குப் பக்கம். ராவும் பகலும் கன்டெய்னர் லாரி. முறத்தில் இலையைப் பரப்பி வெச்சா, சாயங்காலம் அள்ளும்போது விரல்ல கருப்பா ஒட்டும். இந்த வலை ஈ, காக்கா, பூனை மூணையும் தடுக்குது. தூசைத் தடுக்காது. அதுக்கு ஒரு பழைய வேட்டியைக் கூடைமேல போத்தி கிளிப் மாட்டிடறேன். நேர் வெயிலும் படாம போச்சு, அது இன்னும் நல்லது. துளசி, புதினா வாசனையெல்லாம் இலையில் இருக்கற எண்ணெய்தான். சுள்ளுன்னு வெயில் பட்டா அது பறந்துடும், பச்சையும் வெளுத்துடும். நிழலும் காத்தும் போதும். வலையில அடியிலிருந்தும் காத்து ஏறுறதால அடிக்கடி திருப்பிப் போடற வேலை இல்ல. நான் கொடுத்த காசு இதுக்குத்தான்.

கடல் கிட்ட இருக்கறவங்களுக்கு ஒரு விஷயம். பகல்ல மொறுமொறுன்னு காஞ்ச இலை, ராத்திரி வெளியிலேயே தொங்கினா விடியறதுக்குள்ள நமுத்துடும். பொழுது சாய்ஞ்சதும் கூடையோட கழட்டி ஹாலில் ஃபேனுக்குப் பக்கத்துல மாட்டிடுவேன். கொக்கி இருக்கறது இதுக்கு ரொம்ப வசதி. முறத்தை வெச்சுக்கிட்டுப் படி இறங்கினா பாதி இலை படியில கிடக்கும்.

முருங்கை இலையும் கறிவேப்பிலையும் கோடையில சீக்கிரம் காஞ்சு, கசக்கினாலே பொடியாகுது. துளசிக்குக் கதிர் கிளம்பும்போதே நுனியைக் கிள்ளிடணும், அப்பத்தான் பக்கக் கிளை விட்டு இலை நிறைய வரும். காலையில ஈரம் காஞ்சதும் பறிச்சு, அலசி, துணியில ஒத்தி எடுத்துட்டுத்தான் வலையில போடணும். சங்குப்பூ நீலம் மாறாம காயுது. வெந்நீர்ல போட்டு எலுமிச்சை பிழிஞ்சா ஊதாவாகும், பசங்களுக்கு அது ஒரு வேடிக்கை. பன்னீர் ரோஜாவை முழுசா போடாதீங்க, காம்புப் பக்கம் ஈரம் நின்னு பூஞ்சணம் பிடிக்கும், இதழ் இதழா உதிர்த்துப் போடுங்க. செம்பருத்தியில மாவுப்பூச்சி இருந்தா அந்தப் பூவைக் கூடைப் பக்கமே கொண்டுவராதீங்க. கற்பூரவல்லி இலையில தண்ணிதான் அதிகம், காயறதுக்குள்ள கருத்துடும். அதைப் பச்சையா கஷாயத்துக்கோ பஜ்ஜிக்கோ வெச்சுக்கறது உத்தமம்.

குறைன்னா ஜிப்தான். மூலையில துணி மாட்டிக்குது, அவசரமா இழுத்தா பிரியும். கீழ் அடுக்குல பாரம் ஏறினா வலை தொய்ஞ்சு இலையெல்லாம் நடுவுல குமியுது, குமிஞ்ச இடம் காயாது. ஒரு அடுக்குக்கு ரெண்டு கைப்பிடிக்கு மேல வேண்டாம். எறும்பு கொக்கிக் கயிறு வழியா இறங்குச்சு. வேப்பெண்ணெய் நனைச்ச துணியைக் கயித்துல சுத்தினதும் நின்னுச்சு.

காசுக் கணக்கு பார்க்கறவங்க ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடையிலேயே துளசிப் பொடி கிடைக்குமேன்னு கேப்பாங்க. கிடைக்கும். ஆவாரம்பூ, நிலவேம்பு எல்லாம் நானும் அங்கதான் வாங்கறேன், மாடித் தொட்டியில் அதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. ஆனா தொட்டியில துளசி தழைச்சு நிக்கும்போது அதைக் காசு கொடுத்து வாங்க மனசு வரல.

காஞ்சதைக் கண்ணாடி பாட்டில்ல போட்டு, ரெண்டு நாள் கழிச்சு உள்பக்கம் ஆவி கோத்திருக்கான்னு பாருங்க. இருந்தா திரும்ப வலைக்கே போகணும்.

வாங்கறதா இருந்தா ஒவ்வொரு அடுக்குக்கும் கம்பி வளையம் உள்ளதா பார்த்து, பங்குனி வெயிலுக்கு முன்னாடி வாங்குங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில இதுக்கு வேலையே இல்ல. மடிச்சுப் பரண்ல போட்டுட்டு, கார்த்திகைக் கடைசியில மல்லிச் செடிக்குக் கவாத்து பண்ண, அதாவது கிளையை வெட்டிவிடப் போயிடுவேன்.