மூன்று ஆம்ப், ஒரு மீட்டர், ஆறு காது

வீட்டிலிருந்த ஆம்ப்பின் (பாட்டைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற ஆம்ப்ளிஃபையர்) வலது பக்கம் போன மாசியில் ஊமையாகிவிட்டது. பதினெட்டு வருஷம் உழைத்த செட். உள்ளே சத்தத்தைப் பெருக்குகிற எஸ்டிகே ஐசி போயிருந்தது. "அந்த நம்பர் கடையில கிடைக்கும் தம்பி, ஒரிஜினல்தான் கிடைக்காது" என்று கையை விரித்துவிட்டார் காவேரிப்பட்டணத்தில் மைக் செட் வைத்திருக்கும் அண்ணன். சரி, புதிதாக வாங்கிவிடலாம் என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், தர்மபுரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு கட்சி உருவாகிவிட்டது.

மைக் செட் அண்ணன் காதுக் கட்சி. கோயில் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று முப்பது வருஷம் கூம்பு ஸ்பீக்கர் கட்டிய மனிதர். காதுக்குப் பிடிக்காததை அளந்து என்ன செய்யப்போகிறோம் என்பது அவர் வாதம். எதிர்க்கட்சி என் மச்சான். ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. அளக்காமல் பேசுகிற எதுவும் அவனுக்கு வதந்திதான். நடுவில் நான்; இருபதாயிரத்தைத் தாண்டமாட்டேன் என்பதைத் தவிர எனக்கு வேறு கொள்கை கிடையாது.

போட்டியில் மூன்று செட். முதலாவது அண்ணனே கட்டித் தருவது: 5200, 1943 என்று எல்லா அசெம்பிள் கடையிலும் புழங்குகிற டிரான்சிஸ்டர் ஜோடி வைத்த போர்டு, 24-0-24 டொராய்டல் டிரான்ஸ்பார்மர், கனத்த ஹீட் சிங்க். விலை 11,000. இரண்டாவது, பெங்களூரில் கைமாறி வந்த 1980-களின் ஜப்பான் செட். முகப்பில் நீல வெளிச்சத்தில் ஆடும் இரண்டு முள். 16,000 கேட்டார்கள். மூன்றாவது, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ 3255 சிப் வைத்த கிளாஸ்-டி பெட்டி, அதாவது கரன்டைப் படுவேகமாகத் திறந்து மூடியே சத்தத்தைப் பெருக்குகிற வகை. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். லேப்டாப் சார்ஜர் மாதிரி அடாப்டரோடு 9,500.

டிபன் பாக்ஸின் அட்டைப்பெட்டியில் 300+300 வாட்ஸ் என்று போட்டிருந்தது. அண்ணன் செட் 50 வாட்ஸ், ஜப்பான் செட் 45. கணக்குப்படி இங்கேயே போட்டி முடிந்திருக்க வேண்டும் அல்லவா? மச்சான்தான் அடாப்டரைத் திருப்பிக் காட்டினான். 32 வோல்ட், 5 ஆம்பியர். பெருக்கினால் 160 வாட்ஸ், அதுவும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து. வாங்குகிறதே 160 என்றால் 600-ஐ எங்கிருந்து கொடுக்கும்? சிப் கம்பெனியின் தாளில் 315 வாட்ஸ் என்று இருப்பது உண்மைதான். ஆனால் அது 4 ஓம் ஸ்பீக்கரில், 50 வோல்ட்டை ஒட்டிய சப்ளையில், 10 சதவீத டிஸ்டார்ஷனில், அதாவது ஒலிச் சிதைவில், எடுத்த கணக்கு. 10 சதவீதம் என்றால் பாட்டு கிழிந்து தொங்கும். என் 8 ஓம் ஸ்பீக்கரில் 32 வோல்ட்டை வைத்துக்கொண்டு 60 வாட்ஸ் வந்தால் அதிகம். 45-க்கும் 60-க்கும் உள்ள தூரம் ஒன்றேகால் டெசிபல். சத்தம் இரு மடங்காகக் காதில் பட வேண்டுமென்றால் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆக வாட்ஸ் விஷயத்தில் மூன்றும் ஒரே தராசுத் தட்டு. என் ஸ்பீக்கருக்கு ஒரு வாட்ஸ் கொடுத்தாலே 87 டெசிபல்; பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அதற்கு மேல் வைத்தால் பக்கத்து அறையில் படிக்கிற பெண் கதவைத் தட்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் வரிசையாக வைத்தோம். ஸ்பீக்கர்களுக்கு அடியில் கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறையில் மிச்சமாகக் கிடந்த பலகைகள். (வெளியூர்க்காரர்கள் இதற்கென்று ஸ்டாண்டு வாங்கிக் காசைக் கொட்டுகிறார்கள். இங்கே கேட்டால் சும்மா தூக்கிப்போ என்பார்கள்.) வால்யூமைக் காதால் ஒரே அளவுக்கு வைத்துக்கொண்டு, தவில் தனி, பழைய சினிமா பாட்டு, ஒரு பெண் குரல் தம்புராவோடு, என்று மாற்றி மாற்றிப் போட்டோம்.

ஆளுக்கொரு தீர்ப்பு. அண்ணன் தன் செட்டைக் கேட்டுத் தொடையில் தாளம் போட்டார். "இதுல உயிர் இருக்கு தம்பி. தவில்காரன் விரல்ல கூடு மாட்டியிருக்கிறது தெரியுது பாரு." மச்சானுக்கு டிபன் பாக்ஸ். "சுத்தமா இருக்கு மாமா, எதையும் சேர்க்கல." நான் ஜப்பான் செட்டில் விழுந்தேன். குரலுக்கு அடியில் கதகதப்பாக ஒரு பாஸ், எதையும் அவசரப்படுத்தாத நிதானம். அந்த நீல முள்ளுக்கும் இதில் பங்கு உண்டு என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மச்சான் பையிலிருந்து மீட்டரை எடுத்தான். என்னிடமும் ஒரு மீட்டர் உண்டு, தெருமுனைக் கடையில் வாங்கியது. அதில் ஏசிக்கு இருப்பதே 200 வோல்ட், 750 வோல்ட் என்ற இரண்டு இடம்தான். கரன்ட் வருகிறதா என்று பார்க்கலாம். ஆம்ப்பை அளக்க முடியாது. அவன் கொண்டுவந்தது வேலையிடத்து மீட்டர், வோல்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் காட்டும். போனிலிருந்து 400 ஹெர்ட்ஸ் 'பீ' ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் கம்பியை வைத்தான்.

டிபன் பாக்ஸ் 2.00 வோல்ட். ஜப்பான் செட் 2.05. அண்ணன் செட் 2.24.

காதால் ஒரே அளவு என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டு வைத்த அளவு இது. 2.24-க்கும் 2.00-க்கும் நடுவில் ஒரு டெசிபல். இவ்வளவு சின்ன வித்தியாசம் சத்தமாக ஏறினதுபோல் தெரியாது. தெளிவு, உயிர், முன்னே வந்து நிற்கிற குரல் என்றுதான் தெரியும். கடைக்காரர்கள் விற்க நினைக்கிற செட்டைக் கொஞ்சம் ஏற்றி வைப்பது இதனால்தான். அப்புறம் 100 ஹெர்ட்ஸைப் போட்டான். ஜப்பான் செட்டில் மட்டும் 2.90-க்குத் தாவியது. கிட்டப் போய்ப் பார்த்தால் 'லவுட்னஸ்' பொத்தான் உள்ளே அமுங்கிக் கிடக்கிறது. மெல்லிய சத்தத்தில் நம் காதுக்குப் பாஸ் குறைவாகக் கேட்கும் என்று 1933-இல் ஃப்ளெட்சரும் மன்சனும் வரைந்து காட்டினார்கள். அதை ஈடுகட்ட வைத்த பொத்தான் அது. என் கதகதப்பு, நிதானம் எல்லாம் ஒரு பொத்தானின் கைங்கரியம். அண்ணன் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை.

இனி கண்ணை மூடித்தான் கேட்பது என்று முடிவானது. இங்கே ஒரு விபத்து மயிரிழையில் தப்பியது. அண்ணன் தன் கடை ஸ்விட்ச் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். இரண்டு ஆம்ப்பின் கறுப்பு ஒயர்களையும் ஒன்றாக முறுக்கி, சிவப்பை மட்டும் மாற்றுகிற வகை. அவருடைய செட்டில் கறுப்பு என்றால் எர்த்து. டிபன் பாக்ஸில் அப்படி இல்லை. அதில் இரண்டு முனையும் உயிர் முனை. சும்மா இருக்கும்போதே ஒவ்வொன்றிலும் சப்ளையில் பாதி, 16 வோல்ட் நிற்கும். அதை இன்னொரு செட்டின் எர்த்தோடு முறுக்கியிருந்தால் 9,500 ரூபாய் புகையாகியிருக்கும். மச்சான் கையைப் பிடித்துத் தடுத்தான். யாராவது இப்படி ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தால், இரண்டு ஒயரையும் சேர்த்து மாற்றுகிற ஸ்விட்சைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

மீட்டரை வைத்து மூன்றையும் 2.00-க்குக் கொண்டுவந்தோம், லவுட்னஸை அணைத்தோம், செட்டுகளை ஒரு பழைய போர்வையால் மூடினோம். என் பெண் போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்து பூவா தலையா போட்டு மாற்றினாள், நோட்டில் எழுதினாள். இரண்டிரண்டு செட்டாக, இப்போது பாடுவது எது என்று ஆளுக்குப் பதினாறு முறை சொல்ல வேண்டும். பதினாறில் பன்னிரண்டு முறையாவது சரியாகச் சொன்னால்தான் குருட்டாம்போக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்றான் மச்சான். அதற்குக் குறைந்தால் காசு சுண்டினாலே வந்துவிடக்கூடிய கணக்கு.

ஜப்பான் செட், டிபன் பாக்ஸ்: நான் 9, அண்ணன் 7, மச்சான் 8. சுத்தமாக இருக்கிறது என்று காலையில் சொன்னவனுக்கே பாதிதான். இது எங்கள் வீட்டு அதிசயம் ஒன்றும் இல்லை. 1987-இல் அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை சில நூறு டாலர் செட்டையும் பல ஆயிரம் டாலர் வால்வு ஆம்ப்பையும் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வைத்தது) இப்படி மறைத்துவைத்துக் கேட்கச் சொன்னபோதும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதிதான் வந்தது.

அண்ணன் செட், டிபன் பாக்ஸ்: நான் 14, அண்ணன் 15, மச்சான் 13.

அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "பாத்தியா? அளவு ஒண்ணுதான், சத்தம் வேற!" மச்சானுக்கு முகம் தொங்கியது. ஆனால் அண்ணன் நேர்மையான மனிதர். ஒரு வாய் டீ குடித்துவிட்டு அவரே சொன்னார்: "பாட்டை வச்சு நான் சொல்லல தம்பி. பாட்டு நிக்கிற எடத்துல லேசா ஒரு உறுமல் வருது. அதை வச்சுத்தான் பதினைஞ்சு."

எனக்கும் அதுதான் நடந்திருந்தது, என்னவென்று பெயர் வைக்கத் தெரியவில்லை. வால்யூமை மூடிவிட்டு மீட்டரை வைத்தால் 7 மில்லிவோல்ட். மற்ற இரண்டிலும் ஒன்றுகூட இல்லை. செட்டைப் பிரித்தோம். பாட்டு உள்ளே வருகிற ஒயரின் எர்த்து, ஸ்பீக்கரின் எர்த்து, பெரிய கெப்பாசிட்டர்கள் சார்ஜ் ஆகிற வழி, மூன்றும் ஒரே ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தன. கெப்பாசிட்டருக்கு நொடிக்கு நூறு தடவை கரன்ட் அடிக்கிற அடி, பாட்டின் எர்த்தையும் சேர்த்து ஆட்டிக்கொண்டிருந்தது. கல்யாண மண்டபச் சத்தத்தில் இது யார் காதிலும் விழாது. முப்பது வருஷமாக விழவில்லை. அண்ணன் சால்ட்ரிங் அயர்னைச் சூடாக்கி, எல்லா எர்த்தையும் இரண்டு கெப்பாசிட்டருக்கு நடுவே ஒரே புள்ளியில் கொண்டுவந்து பற்றவைத்தார். 7 மில்லிவோல்ட் 0.8 ஆனது. மறுபடி போர்வை, மறுபடி பூவா தலையா: 10, 9, 8.

இதில் காது தோற்றதா, மீட்டர் தோற்றதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. உறுமலைக் கண்டுபிடித்தது காது. வீட்டில் மீட்டர் ராத்திரியெல்லாம் இருந்திருந்தாலும் எதை அளப்பது என்று அதற்கு யார் சொல்வது? எங்கள் பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் பெங்களூரா மாம்பழத்துக்குப் பிரிக்ஸ் பார்க்கிறார்கள். இனிப்பு எவ்வளவு என்று அது சொல்லும், வாசனையைச் சொல்லாது. டிஸ்டார்ஷன் 0.01 சதவீதம் என்று பெட்டியில் போடுவதும் அந்த மாதிரித்தான். பெரும்பாலும் ஒரு ஸ்ருதியில், ஒரு அளவு சத்தத்தில் எடுத்த எண். 1970-களில் ஜப்பான் கம்பெனிகள் இந்த எண்ணைச் சுழியம் சுழியமாகக் குறைத்துப் போட்டி போட்டன. அது போதாது, திடீரென்று தாவுகிற ஒலியில் ஆம்ப் தடுமாறுவதை அந்த எண் பிடிக்காது என்று ஃபின்லாந்தின் மத்தி ஒட்டாலா 1970-லேயே எழுதினார். அவரும் அளந்துதான் சொன்னார் என்பதைக் காதுக் கட்சிக்காரர்கள் சொல்வதில்லை.

வால்வு ஆம்ப் பற்றியும் ஒரு வார்த்தை. அது வேறு மாதிரிக் கேட்கிறது என்பவர்கள் பல சமயம் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஸ்பீக்கரின் ஓம், அதாவது அது கரன்டுக்குக் காட்டுகிற தடை, ஸ்ருதிக்கு ஸ்ருதி ஏறி இறங்கும்; வால்வு செட் அந்த ஏற்ற இறக்கத்துக்கு வளைந்து கொடுக்கும், அதனால் குரலின் நிறமே மாறும். மலிவான கிளாஸ்-டி பெட்டிகள் சிலவற்றிலும் கடைசியில் இருக்கிற காயிலால் ட்ரெபிள் பக்கம் இதே கூத்து: 4 ஓமில் ஒரு மாதிரி, 8 ஓமில் ஒரு மாதிரி. புதிய பெட்டிகள் சிலவற்றில் காயிலைத் தாண்டி வருகிறதைப் பார்த்தே சிப் தன்னைத் திருத்திக்கொள்கிற மாதிரி வைக்கிறார்கள், அது நல்லது. வாங்கும்போது வாட்ஸை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்.

சரி, எதை எடுப்பது? ஜப்பான் செட்டை முதலில் கழித்தேன். வால்யூமைத் திருகினால் கரகர, உள்ளே முப்பத்தைந்து வயதைத் தாண்டிய கெப்பாசிட்டர்கள், முள்ளுக்காக 16,000 கொடுக்க மனசு வரவில்லை. டிபன் பாக்ஸுக்குப் பெரிய பலம் ஒன்று உண்டு. அதன் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் தின்னும். மாலையில் மோட்டார்கள் ஓடத் தொடங்கி எங்கள் லைனில் 180-க்கு இறங்கினால் அதற்குத் தெரியவே தெரியாது. டிரான்ஸ்பார்மர் வைத்த அண்ணன் செட் அப்போது 50 வாட்ஸிலிருந்து 30-க்கு வந்துவிடும். ஆனால் எனக்குத் தேவை ஒன்றிரண்டு வாட்ஸ், தவில் அடி விழும்போது இருபது. 30 போதும். டிபன் பாக்ஸின் சிப் போனால் போர்டையே தூக்கிப் போட வேண்டும். அண்ணன் செட்டில் டிரான்சிஸ்டர் போனால் பஸ் ஏறிக் காவேரிப்பட்டணம் போய், அவர் மாற்றுகிறவரை டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் சாயங்காலத்துக்குள் வீடு திரும்பலாம்.

அண்ணன் செட்டையே எடுத்துக்கொண்டேன். டிபன் பாக்ஸை மச்சான் ஓசூருக்குக் கொண்டுபோய்விட்டான். பதினாறில் எட்டு வாங்கியவன், போன வாரம் போன் செய்தபோதும் "என்ன இருந்தாலும் இது சுத்தமா இருக்கு மாமா" என்றான்.

அண்ணன் இப்போது ஒரு நல்ல மீட்டர் வாங்கி வைத்திருக்கிறார். கடையிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு அசெம்பிள் செட்டின் பின்பக்கத்திலும் கறுப்பு மார்க்கரால் ஓர் எண்ணை எழுதுகிறார். என்னுடையதில் 0.8. அடுத்து அரூர்க்காரர் ஒருவருக்குக் கட்டியதில் 0.5 வந்ததாம், என் செட்டைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.