வேலியா, முகாமா, பேரமா? மியன்மார்ப் போரைத் தம் எல்லையில் நிறுத்த அண்டை நாடுகள் கையாளும் வழிகள்

மியன்மாரில் 2021 பிப்ரவரி 1ஆம் தேதி ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின் மூண்ட உள்நாட்டுப் போர், அந்நாட்டின் எல்லைகளுக்குள் அடங்கி நிற்கவில்லை. லாவோசுடனான எல்லை குறுகியது என்பதால் அதை ஒதுக்கிவிட்டால், எஞ்சிய இந்தியா, பங்ளாதேஷ், தாய்லாந்து, சீனா ஆகிய நான்கும் ஒரே போரை நான்கு விதமாக எதிர்கொண்டு வருகின்றன. ஒன்று வேலி போடுகிறது. ஒன்று முகாமில் அடைக்கிறது. ஒன்று பாதி திறந்தும் பாதி மூடியும் காலம் தள்ளுகிறது. ஒன்று அக்கரையில் துப்பாக்கி வைத்திருப்பவருடன் நேரடியாகப் பேரம் பேசுகிறது. மியன்மாருடன் எல்லையே இல்லாத சிங்கப்பூருக்கு இது யாருடைய கவலையோ என்று தோன்றலாம். ஆனால் 2024ஆம் ஆண்டில் மட்டும் இங்கு மோசடிகளில் பறிபோன தொகை ஏறத்தாழ 1.1 பில்லியன் வெள்ளி. இவ்வட்டாரத்தின் மோசடி நிலையங்களில் கணிசமானவை மியன்மாரின் போர்க்கள எல்லைப்புறங்களில்தான் வளர்ந்தன.

எல்லை தாண்டி வருவது எது என்று பிரித்துப் பார்க்காமல் இவ்வழிகளை ஒப்பிட முடியாது. அகதிகள் வருகிறார்கள், குண்டுகள் விழுகின்றன, தோற்ற படையினரும் துரத்தும் படையினரும் ஆயுதங்களோடு நுழைகிறார்கள், போதைப்பொருளும் மோசடிப் பணமும் கைமாறுகின்றன. இவற்றுள் அகதிகள்தான் கண்ணுக்கு அதிகம் தெரிகிறார்கள். எனவே அரசியல்வாதிகளின் பேச்சும் அவர்களையே சுற்றிவருகிறது. அண்டை நாட்டுக்கு மெய்யான ஆபத்து கடைசி இரண்டிலிருந்தே வருகிறது என்பது என் கணிப்பு.

வேலியிலிருந்து தொடங்கலாம். இந்தியாவுக்கும் மியன்மாருக்கும் இடையிலான எல்லை 1,643 கிலோமீட்டர் நீளமானது. இருபுறமும் 16 கிலோமீட்டருக்குள் வாழ்வோர் விசா இன்றிச் சென்றுவர இருந்த ஏற்பாட்டை முடிவுக்குக் கொண்டுவருவதாக இந்திய அரசு 2024 பிப்ரவரியில் அறிவித்தது. எல்லை முழுவதும் வேலியும் சாலையும் அமைக்க ஏறத்தாழ 31,000 கோடி ரூபாய் ஆகும் என மதிப்பிடப்பட்டது. வேலிப்பணி முதலில் நடந்த இடங்களுள் ஒன்று மணிப்பூரின் மோரே. தமிழ் வாசகர்களுக்கு அந்த ஊர் அந்நியமானதன்று. 1962க்குப் பின் ராணுவத் தலைவர் நே வின் ஆட்சியில் வணிகம் அரசுடைமையாக்கப்பட்டபோது பர்மாவைவிட்டு வெளியேறிய தமிழர்களில் ஒரு பகுதியினர், தமிழ்நாட்டில் வேரூன்ற முடியாமல் தரைவழியே பர்மாவுக்குத் திரும்ப முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே குடியேறினர். அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டி, எதிர்ப்புறம் உள்ள தமு நகரோடு வணிகம் செய்து பிழைத்த அச்சமூகத்தைச் சேர்ந்த இளைஞர் இருவர், 2022 ஜூலையில் தமுவுக்குச் சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு மே மாதம் மணிப்பூரில் வெடித்த இனக்கலவரம் மோரேயையும் எரித்தது. போரும் கலவரமும் இருபுறமிருந்தும் நெருக்க, எல்லை வணிகத்தையே நம்பியிருந்த ஓர் ஊரின் விளிம்பில் இப்போது வேலி நிற்கிறது.

அதே இந்தியாவுக்குள்ளேயே மிசோரம் வேறு வழியில் போனது. அகதிகளைத் தடுக்குமாறு 2021 மார்ச்சில் மத்திய உள்துறை அமைச்சு எல்லை மாநிலங்களுக்கு எழுதியபோது, அன்றைய முதலமைச்சர் சோரம்தங்கா அதை ஏற்க மறுத்தார். மியன்மாரின் சின் மாநிலத்திலிருந்து வந்தவர்கள் மிசோக்களுக்கு உறவினர். தேவாலயங்களும் ஊர் அமைப்புகளும் முன்னின்று 30,000க்கும் மேற்பட்டோருக்கு இடமளித்தன. மணிப்பூரில் நிகழ்ந்ததுபோன்ற இனக்கலவரம் அங்கே நிகழவில்லை. மணிப்பூர்க் கலவரத்துக்கு அகதிகளே காரணம் என்று கூறுவோர் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. பழங்குடித் தகுதி, நில உரிமை ஆகியவை பற்றி மெய்த்தெய்களுக்கும் குக்கி-சோ மக்களுக்கும் இடையே நெடுங்காலமாக இருந்துவந்த பிணக்கே அதன் அடித்தளம். மிசோரத்தின் திறந்த கதவுக்கும் விலை உண்டு: எல்லையோர மாவட்டமான சாம்பாய் வழியாகக் கடத்தப்படும் போதை மாத்திரைகள் தொடர்ந்து பிடிபடுகின்றன. ஆயினும் மலையும் காடுமான அந்நிலத்தில் வேலி தடுப்பது கைக்குழந்தையோடு வரும் தாயையே தவிர, வழி தெரிந்த கடத்தல்காரனை அன்று.

பங்ளாதேஷின் நிலை வேறு. 2017 ஆகஸ்ட்டுக்குப் பின் 700,000க்கும் அதிகமான ரோஹிங்யாக்கள் அங்கே தஞ்சமடைந்தனர்; முன்பே வந்தவர்களையும் சேர்த்தால் காக்ஸ் பஜார் முகாம்களில் வாழ்வோர் ஒரு மில்லியனுக்கும் மேல். இவ்வளவு பேரை ஏற்ற ஒரு நாட்டைக் குறைகூறுவது எளிது, நியாயமன்று. எனினும் வேலை செய்யவும் முகாமைவிட்டு வெளியேறவும் உரிமையற்ற முகாம் வாழ்க்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1994இல் ருவாண்டாவிலிருந்து அன்றைய ஸயீருக்கு (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) ஓடியவர்களுடன், இனப்படுகொலை செய்த ஆயுததாரிகளும் கலந்து சென்று கோமா நகரை ஒட்டிய முகாம்களைத் தம் பிடியில் வைத்துக்கொண்டனர். 1996இல் அவற்றை ஒடுக்க ருவாண்டாவின் ஆதரவுடன் தொடங்கிய படையெடுப்பு முதல் காங்கோப் போராக விரிந்தது. காக்ஸ் பஜார் அந்த நிலைக்குச் செல்லவில்லை. ஆனால் ரோஹிங்யாத் தலைவர் மொஹிபுல்லா 2021 செப்டம்பரில் முகாமுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டதும், 2024இல் முகாம்களிலிருந்து இளைஞர்கள் சண்டைக்குத் திரட்டப்பட்டதாக வந்த செய்திகளும் அதே திசையைக் காட்டுகின்றன.

அவ்வாண்டு பிப்ரவரியில் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பீரங்கிக் குண்டு பங்ளாதேஷுக்குள் விழுந்து இருவர் மாண்டனர். மியன்மாரின் எல்லைக் காவலர்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் தப்பி ஓடிவந்து, பின்னர்க் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டனர். டிசம்பரில் எல்லை நகரான மாங்டாவ் வீழ்ந்ததும் 271 கிலோமீட்டர் எல்லை முழுவதும், மியன்மார் ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் ராக்கைன் இனத்தவரின் ஆயுதக் குழுவான அரக்கான் ராணுவத்தின் கைக்குப் போனது. அகதிகளைத் திருப்பி அனுப்புவது பற்றி டாக்கா இன்னும் மியன்மாரின் தலைநகரான நேப்பிடோவிடம் பேசுகிறது. ஆனால் எல்லைக்கு அப்பால் நேப்பிடோவின் காவலர் ஒருவர்கூட இல்லை.

தாய்லாந்து 2,400 கிலோமீட்டர் எல்லையை ஒரே கொள்கையால் ஆண்டதில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் அது சேரவில்லை. ஆனால் 1980களிலிருந்தே எல்லையோரம் முகாம்களை அனுமதித்துள்ளது. அவற்றில் பிறந்து வளர்ந்து பெற்றோரானவர்கள்கூட வெளியே வேலை செய்யச் சட்டப்படி இயலாதிருந்தனர். 2025இல் அமெரிக்க உதவி நின்றுபோனது. கம்போடியாவுடன் ஜூலையில் மூண்ட சண்டைக்குப் பின் கம்போடிய ஊழியர்கள் பெருமளவில் நாடு திரும்பினர். ஆகஸ்ட்டில் தாய்லாந்து அமைச்சரவை முகாம்வாசிகள் வேலை செய்ய ஒப்புதல் அளித்தது. கருணையால் நாற்பது ஆண்டுகளாக நடக்காதது ஆள்பற்றாக்குறையால் நடந்தது. காரணம் எதுவாயினும், இந்த ஒப்பீட்டில் நான் அதிக மதிப்பெண் தருவது இம்முடிவுக்குத்தான். கோமாவின் வரலாறு தடுக்கப்பட வேண்டுமானால், முகாம் இளைஞனுக்கு ஆயுதக் குழு தரும் சோற்றைவிட நல்ல சோறு வேறெங்காவது கிடைக்க வேண்டும்.

மோசடி நிலையங்களின் விவகாரத்தில் தாய்லாந்து இவ்வளவு தெளிவு காட்டவில்லை. இரு நாடுகளுக்கும் எல்லையாக ஓடும் மோய் ஆற்றின் எதிர்க்கரையில் ஷ்வே கொக்கோ, கேகே பார்க் போன்ற வளாகங்கள் பல ஆண்டுகள் தாய்லாந்தின் மின்சாரத்தில் ஒளிர்ந்தன. சீன நடிகர் ஒருவர் 2025 ஜனவரியில் தாய்லாந்தின் எல்லை நகரான மே சோட் வழியாகக் கடத்தப்பட்டுச் சீனாவில் பெரும் கொந்தளிப்பு எழுந்த பிறகே, பிப்ரவரி 5ஆம் தேதி பேங்காக் ஐந்து எல்லை இடங்களுக்கு மின்சாரம், எரிபொருள், இணையம் ஆகியவற்றைத் துண்டித்தது. ஆயிரக்கணக்கானோர் மீட்கப்பட்டனர். வளாகங்களோ ஜெனரேட்டர்களையும் செயற்கைக்கோள் இணையத்தையும் வைத்துச் சமாளித்தன.

அவ்வளாகங்கள் அங்கே பெருகியதற்குச் சீனாவின் வெற்றியும் ஒரு காரணம். 2023 அக்டோபர் 27ஆம் தேதி மூன்று ஆயுதக் குழுக்களின் கூட்டணி ஷான் மாநிலத்தின் வடக்கே தாக்குதலைத் தொடங்கியபோது, மோசடிக் கூடங்களை ஒழிப்பதையும் தன் நோக்கங்களுள் ஒன்றாக அறிவித்தது; பெய்ஜிங் அதைத் தடுக்கவில்லை. சீன எல்லையோரக் கோகாங் பகுதியின் தலைநகரான லாவ்காய்ங்கின் மோசடிக் குடும்பங்கள் சரிந்தன. அவ்வாண்டில் 40,000க்கும் அதிகமான சந்தேகப் பேர்வழிகள் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டனர். காரியம் முடிந்ததும் 2024 ஜனவரியில் குன்மிங்கில் போர்நிறுத்தம் ஏற்பட்டது. அது முறிந்து, ஆகஸ்ட்டில் லாஷியோ நகரம் அக்கூட்டணியைச் சேர்ந்த கோகாங் படையிடம் வீழ்ந்தபோது, ராணுவ ஆட்சி அடியோடு சரிவதைச் சீனா விரும்பவில்லை. எல்லை வாயில்கள் மூடப்பட்டன, பொருள்வரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் கோகாங் படை, தான் வென்ற நகரைத் திருப்பிக் கொடுத்தது. சீன எல்லைக்குள் போரின் கசிவைக் குறைப்பதில் இதற்கு நிகரான பலன் வேறு எந்த வழிக்கும் கிடைக்கவில்லை. ஆனால் மோசடித் தொழில் அழியாமல் தெற்கே நகர்ந்தது. லாஷியோ மக்கள் எந்த ஆட்சியை விரும்பினார்கள் என்பதும் எவராலும் கேட்கப்படவில்லை.

அண்டை நாட்டின் ஆயுதக் குழுக்களோடு பேரம் பேசுவது ஆபத்தான ஆட்டம் என்பதைத் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1980களில் இந்தியா இலங்கையின் போராளிக் குழுக்களுக்குப் பயிற்சியும் ஆயுதமும் அளித்தது. 1987 முதல் 1990 வரை அமைதிப்படை அவற்றுள் ஒன்றுடனேயே போரிட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. 1991இல் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். சீனாவின் கையிலிருக்கும் பிடிமானம் வேறு வகையானது. மின்சாரத்தையும் சந்தையையும் வேண்டும்போது நிறுத்தலாம், மீண்டும் திறக்கலாம். கொடுத்த துப்பாக்கியையும் பயிற்சியையும் திரும்ப வாங்க முடியாது. அரக்கான் ராணுவத்துடன் பங்ளாதேஷ் என்றேனும் வெளிப்படையாகப் பேசத் துணிந்தால், வணிகத்தையும் உணவையும் வைத்துப் பேசுவதே அதற்கும் நலம்.

ஆசியானின் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2021 ஏப்ரலில் ஜகார்த்தாவில் மியன்மாரில் அமைதி காண ஐந்து அம்சங்கள் ஒப்புக்கொள்ளப்பட்டன. அவற்றுள் முதலாவதான வன்முறை நிறுத்தமே நடக்கவில்லை. ராணுவத் தளபதியை உச்சநிலை மாநாட்டுக்கு அழைக்காமல் விட்டது மரியாதைக் குறைவுதான்; அதனால் போர்க்களத்தில் எதுவும் மாறவில்லை.

சிங்கப்பூர் அகதிகளுக்கு இடம் தருவதில்லை. வியட்நாமியர்களுக்காக 1978 முதல் 1996 வரை செம்பவாங்கின் ஹாக்கின்ஸ் சாலையில் இயங்கிய முகாமும், வேறொரு நாடு ஏற்றுக்கொள்ளும் என்ற உறுதியின் பேரில் நடந்த இடைத்தங்கலே. எனவே வேலியும் முகாமும் இங்கே பொருந்தாது. இத்தீவிடம் உள்ள பிடிமானம் பணம். மியன்மார் ராணுவத்துக்கு ஆயுதங்களும் தொடர்புடைய பொருள்களும் விற்றதில் சிங்கப்பூரில் பதிவான நிறுவனங்களின் பங்கு 254 மில்லியன் அமெரிக்க டாலர் என ஐநா சிறப்பு அறிக்கையாளர் 2023 மே மாதம் தெரிவித்தார். அரசாங்கம் விசாரணை நடத்தியது, வங்கிகள் கணக்குகளை இறுக்கின. அடுத்த ஆண்டு வெளியான அவருடைய அறிக்கையின்படி, இவ்வழியான விற்பனை ஆண்டுக்கு 110 மில்லியன் டாலருக்கு மேல் இருந்ததிலிருந்து ஏறத்தாழ 10 மில்லியனாகச் சுருங்கியது. ஒரு சிறிய நாடு வேலியின்றி, படையின்றி, ஓராண்டில் இவ்வளவு செய்ய முடிந்தது வியப்புக்குரியது. வெடிமருந்து குறைந்தால் எல்லையில் விழும் குண்டும் குறையும் என்பதால், போரின் தோற்றுவாயை நேரடியாகத் தொடும் வழியும் இதுவே.

ஆயினும் மோசடித் தொழிலில் நடந்தது இங்கேயும் நடந்தது. அதே காலத்தில் தாய்லாந்தில் பதிவான நிறுவனங்களின் வழியே நடந்த விற்பனை 60 மில்லியனிலிருந்து 130 மில்லியன் டாலரை நெருங்கியது. ஆகவே சிங்கப்பூர் நாணய ஆணையமும் இங்குள்ள வங்கிகளும் எந்தெந்த அறிகுறிகளை வைத்து அந்தப் பரிவர்த்தனைகளைக் கண்டுபிடித்தனவோ, அவற்றைப் பேங்காக்கின் மத்திய வங்கியோடு பகிர்ந்து, அங்கும் அதே இறுக்கத்தைக் கோருவதே, ஐந்து அம்சங்களை மீண்டும் வலியுறுத்தும் இன்னொரு கூட்டறிக்கையைவிடச் சிங்கப்பூர் செய்யக்கூடிய பயனுள்ள அடுத்த காரியம்.